போனால் போதாது, திரும்பிப் போகணும்!

போன ஞாயிற்றுக்கிழமை காலை. இட்லி ஊற்றிக்கொண்டிருந்தேன். எதிர் வீட்டுப் பெண் கையில் போனோடு சமையலறைக்குள்ளேயே வந்துவிட்டாள். நர்சிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். பின்னாலேயே அவள் அம்மாவும்.

"ஆன்ட்டி, நீங்களே பார்த்துச் சொல்லுங்க. அம்மா வேண்டாம்கிறாங்க."

போனில் ஒரு விளம்பரம். ஏதோ ஒரு வெளிநாட்டுக் கிராமம். நடுவில் ஒரு கல்லூரிப் பெண் சிரித்தபடி நிற்கிறாள். சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு குழந்தைகள். விடுமுறையில் இரண்டு வாரம் தன்னார்வத் தொண்டு. தங்குமிடம், சாப்பாடு, கடைசியில் சான்றிதழ். கட்டணம் லட்சத்துக்கு மேல்.

"காசு கூட இருக்கட்டும்க்கா. பாஷை தெரியாத ஊர்ல போய் இவ என்ன செஞ்சுடப் போறா? வீட்ல சாப்பிட்ட தட்டைக் கழுவ மாட்டா" என்றாள் அம்மா.

பெண் சண்டைக்கு வருவாள் என்று நினைத்தேன். வரவில்லை. "அதைத்தான் ஆன்ட்டி நானும் யோசிக்கிறேன். ரெண்டு வாரம் நான் போய் நின்னா அந்தக் குடும்பங்களுக்கு என்ன கிடைக்கும்? நிஜமாவே கேக்கறேன்" என்றாள்.

நல்ல கேள்வி. எனக்குப் பதில் தெரியவில்லை. ஆனால், இதே வயதில் இப்படிக் கிளம்பிப் போன ஒரு மாணவரின் கதை தெரியும். இட்லி வேகிற நேரத்தில் பாதியைச் சொன்னேன். மீதி உங்களுக்கும் சேர்த்து இங்கே.

பஸ்ஸில் வளர்ந்த பையன்

பெயர் பால் ஃபார்மர். பெயர்தான் ஃபார்மர், ஆனது டாக்டர். 1959-ல் அமெரிக்காவில் பிறந்தவர். வீட்டில் ஆறு பிள்ளைகள். அப்பாவுக்கு ஒரு இடத்தில் நிலைத்து நிற்கிற சுபாவம் இல்லை. ஒரு பழைய பஸ்ஸை வாங்கி, பிறகு ஃப்ளோரிடாவில் அதிலேயே குடும்பத்தைக் குடிவைத்தார். அந்த பஸ் ஒரு காலத்தில் காசநோய்ப் பரிசோதனைக்கு ஊர் ஊராகப் போய்வந்த வண்டி. பின்னால் இந்தப் பையனின் வாழ்க்கையில் காசநோய் எவ்வளவு பெரிய இடம் பிடிக்கப்போகிறது என்பது அப்போது யாருக்கும் தெரியாது. கொஞ்ச காலம் கூடாரத்திலும், பிறகு ஒரு படகிலும் வசித்தார்கள்.

ஒருமுறை கையில் காசில்லாமல் குடும்பமே ஆரஞ்சுத் தோட்டத்துக்குப் பழம் பறிக்கப் போனது. பக்கத்து மரங்களில் ஏணி போட்டு வேலை செய்தவர்கள் ஹைதியிலிருந்து பிழைக்க வந்தவர்கள். அவர்கள் பேசிய கிரியோல் மொழியை ஃபார்மர் முதன்முதலில் கேட்டது அங்கேதான்.

உதவித்தொகையில் டியூக் பல்கலைக்கழகத்தில் படித்தார். அந்தப் பக்கத்துப் புகையிலைத் தோட்டங்களிலும் ஹைதித் தொழிலாளர்கள். அவர்கள் ஏன் ஊரைவிட்டு இவ்வளவு தூரம் வருகிறார்கள் என்று தேடித் தேடிப் படித்தார். 1983-ல், மருத்துவக் கல்லூரியில் சேருவதற்கு முன்னால், அந்த ஊரையே பார்த்துவிடுவோம் என்று ஹைதிக்குக் கிளம்பினார். வயது 23.

தண்ணீர் விரட்டிய குடும்பங்கள்

ஹைதி கரீபியன் கடலில், கியூபாவுக்குப் பக்கத்தில் இருக்கிற சின்ன நாடு. அடிமைகளாக இருந்த கறுப்பின மக்கள் பிரான்ஸை எதிர்த்துப் போரிட்டு, 1804-ல் விடுதலை பெற்றார்கள். அதற்கு அவர்கள் கொடுத்த விலை கொஞ்சநஞ்சமில்லை. 'எங்கள் சொத்து போய்விட்டது, நஷ்டஈடு கொடு' என்று 1825-ல் பிரான்ஸ் மிரட்டியது. சொத்து என்று அவர்கள் போட்ட கணக்கில் அந்த மனிதர்களும் அடக்கம்! அந்தக் கடனையும் வட்டியையும் கட்டி முடிக்க ஹைதிக்கு நூறு வருடத்துக்கு மேல் ஆனது.

நாட்டின் நடுவே மலைப்பாங்கான பகுதியில் கான்ஜ் என்று ஒரு குடியிருப்பு. ஃபார்மர் பார்த்தபோது அங்கே மரம் இல்லை, நல்ல மண் இல்லை. வாழையோலை வேய்ந்த மண் குடிசைகள். தண்ணீர் வேண்டுமென்றால் செங்குத்தான சரிவில் கீழே இறங்கி, குடத்தைச் சுமந்துகொண்டு மேலே ஏற வேண்டும்.

இவர்கள் பரம்பரை ஏழைகள் என்று நினைத்துவிட வேண்டாம். ஆற்றங்கரையில் வளமான நிலத்தில் விவசாயம் செய்தவர்கள். 1956-ல் அமெரிக்கக் கடனில், ஆர்ட்டிபொனிட் ஆற்றின் குறுக்கே பெலிக்ர் அணை கட்டப்பட்டது. பள்ளத்தாக்கு முழுவதும் நீரில் மூழ்கியது. உரிய நஷ்டஈடு கிடைக்காமல் குடும்பங்கள் மேட்டுக்கு ஏறின. அணையில் எடுத்த மின்சாரம் தலைநகருக்குப் போனது. மூழ்கிய நிலத்துக்காரர்களின் குடிசையில் விளக்கு எரியவில்லை.

அடுத்த அடி 80-களின் தொடக்கத்தில் விழுந்தது. அங்கே ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கறுப்புப் பன்றி இருக்கும். நம்மூரில் ஆடும் கோழியும் போல, அதுதான் அவர்களின் சேமிப்பு. பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் செலவா, வீட்டில் சாவா, பன்றியை விற்றுச் சமாளிப்பார்கள். பன்றிக் காய்ச்சல் பரவிவிடும் என்று சொல்லி அத்தனை பன்றிகளையும் கொன்றுவிட்டார்கள். பதிலுக்கு அமெரிக்காவிலிருந்து வந்த பன்றிகளுக்கு விலை கூடிய தீவனமும் நல்ல கொட்டகையும் வேண்டியிருந்தது. அவற்றை வைத்துக் கட்டுப்படியாகாது என்று மக்கள் கைவிட்டார்கள்.

ஃபார்மர் இதையெல்லாம் தெரிந்துகொண்டது அந்த வீட்டு வாசல்களில் உட்கார்ந்து பேசிப் பேசித்தான்.

15 டாலர்

கான்ஜில் காலூன்றுவதற்கு முன் வேறொரு ஊரின் மருத்துவமனையில் அவர் கொஞ்ச நாள் தன்னார்வலராக இருந்தார். ஒரு கர்ப்பிணி மலேரியாவோடு வந்தாள். உடம்பில் ரத்தமே இல்லை. உடனே ரத்தம் ஏற்ற வேண்டும். ரத்தம் இருப்பது தலைநகரில், அதையும் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். கூட வந்த அக்காவின் கையில் காசில்லை. ஃபார்மர் மருத்துவமனை முழுக்கக் கையேந்தி 15 டாலர் திரட்டிக் கொடுத்தார். அந்த அக்கா ஓடினாள். பஸ் கட்டணமும் ரத்தத்தின் விலையும் சேர்த்தால் அந்தப் பணம் போதவில்லை. வெறுங்கையோடு திரும்பினாள். அந்தத் தாயும் வயிற்றுப் பிள்ளையும் இறந்துபோனார்கள். வீட்டில் ஏற்கெனவே ஐந்து குழந்தைகள்.

ஏழையென்றால் ரத்தம்கூடக் கிடைக்காதா, நாமெல்லாம் மனிதர்கள்தானே என்று அந்த அக்கா அழுதாளாம். ஹைதியில் ஒரு சொலவடை உண்டு: 'தூ மூன் சே மூன்.' எல்லா மனிதரும் மனிதரே என்று அர்த்தம். பிற்காலத்தில் ஃபார்மர் எங்கே பேசினாலும் இந்தச் சொல் வரும்.

பிறகு, அந்த மருத்துவமனையிலேயே ரத்த வங்கி அமைக்கலாம் என்று அமெரிக்காவில் தெரிந்தவர்களிடமெல்லாம் பணம் திரட்டினார். ஏற்பாடு நடக்கும்போதுதான் தெரிந்தது, அந்த ரத்தத்துக்கும் நோயாளியிடம் காசு வாங்குவார்கள் என்று. அதே பெண் மறுபடி வந்தால் மறுபடியும் செத்துத்தான் போவாள். ஏழைகளுக்கான மருத்துவமனையை நாமே கட்டிவிடுவது என்று அந்த இளைஞர் முடிவெடுத்தார். அப்போது அவர் இன்னும் டாக்டர் ஆகவில்லை.

ஒவ்வொரு வீடாக

அதே 1983-ல் ஹைதிக்கு வந்திருந்த இன்னொருவர் ஒஃபீலியா டால். இங்கிலாந்துப் பெண், வயது 18. குழந்தைகளுக்குக் கதை எழுதிப் புகழ்பெற்ற ரோல்ட் டாலின் மகள். கண் மருத்துவத் தொண்டு ஒன்றில் உதவ வந்தவர். ஃபார்மரும் அவரும் மிர்பலே என்ற ஊரில் சந்தித்தார்கள். அங்கிருந்த ஃபிரிட்ஸ் லஃபோன்டான் என்ற ஹைதிப் பாதிரியார்தான் இருவரையும் கான்ஜ் பக்கம் திருப்பிவிட்டவர். பள்ளிக்கூடம் முதலான வேலைகளை அவர் முன்பே அங்கே தொடங்கியிருந்தார். வந்த மாணவர்கள், ஊர்க்காரர் ஒருவர் ஆரம்பித்த வேலையில் போய்ச் சேர்ந்துகொண்டார்கள். இதைக் கவனியுங்கள்.

முதலில் செய்த வேலை என்ன தெரியுமா? கணக்கெடுப்பு. ஊசி, மாத்திரை எல்லாம் பிறகு. உள்ளூர் இளைஞர்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு குடிசை குடிசையாகப் போனார்கள். வீட்டில் எத்தனை பேர், எத்தனை பிள்ளைகள் பிறந்தார்கள், எத்தனை பேர் தங்கினார்கள், எதனால் இறந்தார்கள், தண்ணீர் எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்று கேட்டுக் கேட்டு எழுதினார்கள். பேசிப் பழகியதில் மொழி வந்தது. பேச்சு வந்ததும் உறவு வந்தது. நோயாளிகள் அவருக்குக் கோழியும் பாட்டிலில் பாலும் கொண்டுவந்து கொடுக்கும் அளவுக்கு நெருங்கினார்கள்.

அந்தக் கணக்கெடுப்பில் கூடவே நடந்த உள்ளூர் இளைஞர்களில் மூவர் சில வருடங்களுக்குள் இறந்துபோனார்கள். ஒருவர் மலேரியாவில், ஒருவர் டைபாய்டில், ஒரு பெண் பிரசவத்துக்குப் பின் வந்த தொற்றில். எல்லாமே மருந்து உள்ள நோய்கள். கணக்கெடுக்கப் போனவர்களே கணக்கில் சேர்ந்தார்கள். நோட்டில் எழுதிய எண்கள் அதற்குப் பிறகு ஃபார்மருக்கு வெறும் எண்களாக இருந்திருக்க முடியாது.

1984-ல் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். இடம் கிடைத்ததோடு ஹைதியை மறந்திருக்கலாம். புத்தகங்களைப் பெட்டியில் அடைத்துக்கொண்டு கான்ஜுக்குப் போய்விடுவார். செய்முறை வகுப்புக்கும் தேர்வுக்கும் பாஸ்டனில் வந்து இறங்குவார். கூடப் படித்தவர்கள் அவர் பெயரையே மாற்றி, 'பால் ஃபாரினர்' என்று கிண்டல் செய்தார்கள். மதிப்பெண் மட்டும் குறையவில்லை. 1990-ல் மருத்துவப் பட்டம், மானுடவியலில் டாக்டர் பட்டம், இரண்டையும் வாங்கினார். (பிள்ளைகளே, இதைக் காட்டி வகுப்புக்கு மட்டம் போட அனுமதி கேட்காதீர்கள்!)

இதற்கு நடுவில் 1987-ல் ஃபார்மரும் ஒஃபீலியாவும் இன்னும் சில நண்பர்களும் சேர்ந்து 'பார்ட்னர்ஸ் இன் ஹெல்த்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். டாம் வைட் என்ற பாஸ்டன் கட்டட ஒப்பந்தக்காரர் முதல் 10 லட்சம் டாலரைக் கொடுத்தார். கான்ஜில் ஓலைக்கூரை தகரக்கூரை ஆனது. மண்தரைக்குச் சிமென்ட் வந்தது. கீழேயிருந்து மேட்டுக்குக் குழாயில் தண்ணீர் ஏறியது. மருத்துவமனை எழும்பியது. அதன் பெயர் 'சான்மி லசாந்தே'. ஆரோக்கியத்தின் நண்பர்கள் என்று பொருள்.

மாத்திரை இருந்தும் மூன்று சாவு

இந்தக் கதையில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இனிமேல்தான்.

1988 டிசம்பர். கான்ஜில் மூன்று பேர் காசநோயால் இறந்தார்கள். மூவரும் நாற்பதுகளில் இருந்தவர்கள். மாத்திரை இலவசமாகவே கிடைத்துக்கொண்டிருந்தது. பிறகு ஏன் இறந்தார்கள்?

ஊழியர்கள் கூடிப் பேசினார்கள். படித்தவர்கள் சிலர், 'கொஞ்சம் உடம்பு தேறியதும் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள்' என்றார்கள். 'இவர்களுக்கு நோய் கிருமியால் வருகிறது என்ற நம்பிக்கையே இல்லை. யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று நினைக்கிறார்கள். அதனால் மருந்தில் அக்கறை இல்லை' என்பது இன்னொரு கருத்து. கிராமங்களில் வீடு வீடாகப் போகிற சுகாதாரப் பணியாளர்கள் மட்டும் வேறு மாதிரி சொன்னார்கள்: 'மிகவும் ஏழைகள்தான் சாகிறார்கள்.' அவர்களுக்குத் தெரியும். அதே ஊர்க்காரர்கள், அதே அடுப்பைப் பார்ப்பவர்கள்.

யார் சொல்வது சரி என்று சோதித்துப் பார்த்தார்கள். நோயாளிகளை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். இரண்டு குழுவுக்கும் இலவச மருந்து உண்டு. ஒரு குழுவுக்கு மட்டும் கூடுதலாக, சாப்பாட்டுக்கும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளவும் மாதாமாதம் ஒரு சிறு தொகை, மருத்துவமனைக்கு வந்துபோகச் செலவு, வீட்டுக்கே வந்து விசாரிக்க ஓர் உள்ளூர்ப் பணியாளர்.

மருந்து மட்டும் வாங்கிய குழுவில் ஏறக்குறைய பாதிப் பேர்தான் குணமானார்கள். பணமும் துணையும் கிடைத்த குழுவில் எல்லோருமே குணமானார்கள்.

செய்வினை? அதை நம்பியவர்கள் இரண்டு குழுவிலும் நிறையப் பேர். நம்பியதற்கும் மருந்தை நிறுத்தியதற்கும் தொடர்பே இல்லை.

இதில் ஒரு பெண்மணியின் கதை ரசமானது. மருந்து சாப்பிடத் தொடங்கியபோது ஃபார்மர் அவரிடம் செய்வினை பற்றிக் கேட்டிருக்கிறார். காசநோய் இருமலில் வருகிற கிருமியால் பரவுகிறது என்று தெரியாத முட்டாளா நான் என்கிற மாதிரி பதில் வந்தது. மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டுக் குணமும் ஆனார். ஒரு வருடம் கழித்து மறுபடி கேட்டால், ஆமாம், எனக்கு யார் செய்வினை வைத்தார்கள் என்றுகூடத் தெரியும் என்கிறார்! அப்படியென்றால் மாத்திரையை ஏன் சாப்பிட்டீர்கள் என்று ஹார்வர்டு டாக்டர் குழம்பிப்போனார். அந்தப் பெண்மணி பரிவோடு சிரித்துவிட்டு, கொஞ்சம் சிக்கலான விஷயம் என்றால் உனக்குப் புரியாதா என்று திருப்பிக் கேட்டாராம்.

நம் வீடுகளில் மாத்திரையும் போடுகிறோம், திருஷ்டியும் கழிக்கிறோம். அந்தச் சிரிப்பு நமக்குப் புரியும்.

ஒருவர் மருந்தை விட்டுவிட்டார் என்றால், அவருக்கு அக்கறையில்லை என்று முடிவு கட்டும் முன்னால் அவர் வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். ஃபார்மர் இதைப் பிடித்துக்கொண்டார். ஒரு நோயாளி வரவில்லை என்றால், மலையேறிப் பல மணி நேரம் நடந்து அந்தக் குடிசைக்கே போவார். பெரிய டாக்டர் இதற்கெல்லாம் நேரத்தைச் செலவிடலாமா என்று கேட்டவர்கள் உண்டு. அவர் நடப்பதை நிறுத்தவில்லை.

வீட்டுக்கு வந்து விசாரிக்கிற அந்த உள்ளூர்ப் பணியாளர்களுக்கு, 'கூட நடப்பவர்' என்று பொருள்படும் ஒரு பிரெஞ்சுச் சொல்லைப் பெயராக வைத்தார்கள். தமிழில் வழித்துணை என்று சொல்லலாம். பின்னால் ருவாண்டா, பெரு, லெசோத்தோ என்று பல நாடுகளுக்கு இந்த முறை போனது.

காசநோய் விஷயத்தில் நம் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. நோயாளியை மாதக்கணக்கில் சானடோரியத்தில் வைத்திருக்க வேண்டுமா, வீட்டிலேயே இருந்து மருந்து சாப்பிட்டால் போதுமா என்று 1956-ல் தொடங்கிய ஆய்வு இங்கேதான் நடந்தது. வீட்டிலேயே குணப்படுத்தலாம் என்று 1959-ல் முடிவு வந்தது. உலகமே அதன்படி மாறியது. அந்த வீட்டில் உலை கொதிக்கிறதா என்ற அடுத்த கேள்வியைத்தான் கான்ஜின் குடும்பங்கள் அந்த மாணவருக்குக் கற்றுக்கொடுத்தன. இன்று நம் அரசாங்கமும் காசநோயாளிகளுக்கு ஊட்டச்சத்துக்காக மாதாமாதம் பணம் கொடுக்கிறது. உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது இருந்தால் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

ஊர் மாப்பிள்ளை

1996-ல் ஃபார்மர் திருமணம் செய்துகொண்டார். மணமகள் டிடி பெர்ட்ராண்ட், அதே கான்ஜ் ஊர் பள்ளி ஆசிரியரின் மகள். தொண்டு செய்ய வந்தவர் ஊருக்கு மாப்பிள்ளையாகிவிட்டார்.

எல்லாம் தங்கமாக நடந்தது என்று நான் சொல்லமாட்டேன். ஒரு கால் ஹைதியில், ஒரு கால் பாஸ்டனில், மிச்ச நேரம் விமானத்தில் என்று வாழ்ந்த மனிதர். மனைவிக்கும் குழந்தைகளுக்கும் கிடைத்த நாட்கள் குறைவு. அந்தச் சுமையை வீட்டில் இருந்தவர்களும்தான் தூக்கினார்கள்.

2010 ஜனவரியில் ஹைதியைப் பெரும் பூகம்பம் தாக்கியது. அதன்பின் மிர்பலேயில் 300 படுக்கைகளோடு, சூரிய மின்சாரத்தில் இயங்கும் மருத்துவமனை கட்டி, 2013-ல் திறந்தார்கள். ஹைதி இளைஞர்கள் அங்கேயே டாக்டராகவும் நர்ஸாகவும் பயிற்சி பெற்றார்கள். 2022 பிப்ரவரி 21-ம் தேதி, ருவாண்டாவின் புட்டாரோ என்ற மலைக்கிராமத்தில், மாணவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கப் போயிருந்த இடத்தில், தூக்கத்திலேயே ஃபார்மரின் உயிர் பிரிந்தது. வயது 62.

ஹைதியின் துன்பம் முடிந்துவிடவில்லை. ஆயுதக் கும்பல்களின் வன்முறையில் நாடே தத்தளிக்கிறது. 'மலைக்குப் பின்னால் மலை' என்று அவர்கள் ஊர்ப் பழமொழி ஒன்று உண்டு. ஒன்றைத் தாண்டினால் அடுத்தது நிற்கும்.

'உதவ வராதீர்கள்!'

இவ்வளவும் சொல்லிவிட்டு, எதிர்ப்பக்கத்தையும் சொல்லாவிட்டால் தப்பு. இவான் இலிச் என்று ஒரு சிந்தனையாளர். மெக்சிகோவில் வாழ்ந்த பாதிரியார். கோடை விடுமுறையில் மெக்சிகோ கிராமங்களுக்குத் தொண்டு செய்யக் கிளம்பிய அமெரிக்க மாணவர்களின் கூட்டத்தில் 1968-ல் அவரைப் பேச அழைத்தார்கள். பாராட்டுவார் என்று எதிர்பார்த்திருப்பார்கள். அவரோ வெளுத்து வாங்கிவிட்டார். உங்களுக்கு அந்த மக்களின் மொழி தெரியாது, அவர்கள் உங்களைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பதும் தெரியாது. ஊரைப் பார்க்க வாருங்கள், மலையேற வாருங்கள், படிக்க வாருங்கள், உதவி செய்கிறேன் என்று மட்டும் வராதீர்கள் என்பதுதான் அவர் பேச்சின் சாரம்.

கடுமைதான். ஆனால் இன்றைக்கு நடக்கிற சிலதைப் பார்த்தால் அவர் கோபம் புரிகிறது. கம்போடியாவில் வெளிநாட்டுத் தன்னார்வலர்கள் வந்து குவியக் குவிய, அனாதை இல்லங்களும் பெருகின. அங்கிருந்த பெரும்பாலான குழந்தைகளுக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருந்தார்கள். விருந்தாளிகளின் காசுக்காகப் பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்து உட்கார வைத்ததும் நடந்தது. இரண்டு வாரம் மடியில் வைத்துக் கொஞ்சிவிட்டுக் கிளம்பிவிடும் அக்கா ஒருத்தி, அடுத்த இரண்டு வாரத்துக்கு வேறொரு அக்கா. அந்தக் குழந்தையின் மனசு என்ன பாடுபடும்?

அதனால் எதிர் வீட்டுப் பெண்ணிடம், பணம் கட்டுவதற்கு முன் அவர்களிடம் நான்கு கேள்வி கேட்கச் சொன்னேன். உங்கள் வீட்டிலும் இப்படி யாராவது கிளம்பினால் பயன்படும்.

ஒன்று, அங்கே வேலையை நடத்துகிறவர்கள் உள்ளூர்க்காரர்களா? நான் போகாவிட்டாலும் அந்த வேலை நடக்குமா?

இரண்டு, என்னை என்ன செய்யச் சொல்வீர்கள்? இங்கே படிக்கும்போது எனக்கு அனுமதியில்லாத ஊசி, தையல், பிரசவம் எதையாவது அங்கே 'பழகிக்கொள்' என்று கொடுத்தால், அந்த நோயாளி பரிசோதனைப் பொருள் ஆகிறார். இங்கே செய்யக்கூடாதது அங்கேயும் கூடாது.

மூன்று, அந்த ஊர் மொழியைக் கற்றுக்கொள்ள எனக்கு எவ்வளவு நாள் கொடுப்பீர்கள்?

நான்கு, அடுத்த வருடமும் அதே ஊருக்கு, அதே குடும்பங்களிடம் நான் திரும்பிப் போகலாமா?

நாலாவதுதான் முக்கியம். ஃபார்மர் 1983-ல் ஒருமுறை போய்விட்டு வந்திருந்தால், நல்ல மனசுக்கார மாணவர் ஒருவர் ஹைதியைப் பார்த்தார் என்பதோடு கதை முடிந்திருக்கும். அந்த 15 டாலர் அவரை விடவில்லை. அடுத்த மாதம் போனார், அடுத்த வருடம் போனார். போகப் போகத்தான், முதல் தடவை புரிந்துகொண்டதில் எது தப்பு என்று தெரிந்தது. அதை அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் அந்தக் குடிசைக்காரர்கள்.

இதையெல்லாம் கேட்டு முடிக்கும்போது பெண் நாலு இட்லி சாப்பிட்டிருந்தாள்.

"ஆன்ட்டி, ஒரு குடும்பத்துக்கு நம்மளை நிஜமா தெரியறதுக்கு எவ்ளோ நாள் ஆகும்?"

நான் யோசிப்பதற்குள் அவள் அம்மா முந்திக்கொண்டாள். "நம்ம தெருக்கோடி வீட்ல தனியா இருக்காங்களே ஒரு பாட்டி, அவங்களுக்கு உன் பேர் தெரியுமாடி?"

பெண்ணுக்கு முகம் சிவந்துவிட்டது. எனக்கும் கொஞ்சம் சுருக்கென்றது. அந்தப் பாட்டிக்கு என் பெயர் தெரியுமா என்று எனக்கே சந்தேகம்.

இன்னும் பணம் கட்டவில்லை. நான்கு கேள்விகளையும் மெயிலில் அனுப்பியிருக்கிறாள். முதல் மூன்றுக்கு ஏதோ பதில் வந்ததாம். நாலாவது கேள்வியை இதுவரை யாரும் கேட்டதில்லை, விசாரித்துச் சொல்கிறோம் என்று எழுதியிருக்கிறார்கள்.

நேற்று சாயங்காலம் பால் வாங்கப் போனபோது தெருக்கோடியில் அவள் சைக்கிள் நிற்பதைப் பார்த்தேன். நான் ஒன்றும் கேட்கவில்லை.